நண்பரோடு ஸ்வீடிஷ் கஃபேயில்: என்ன வாங்குவது, எப்படி உட்காருவது

ஸ்வீடனில் யாராவது உங்களை ஃபிகாவுக்கு (காபியும் பன்னுமாக உட்கார்ந்து பேசும் இடைவேளை) கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தையாவது ஒதுக்கி வையுங்கள். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தால் அது வெறும் காபிதான், உட்கார்ந்து பேசினால்தான் ஃபிகா. மதியம் மூன்று மணிவாக்கில் போனால் நல்லது. வேலைநாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை பல கடைகளில் சாப்பாட்டுக் கூட்டம் இருக்கும். ஆனால் பசியோடு போகிறவர்களுக்கு அதுதான் சரியான நேரம், ஏனென்றால் அன்றைய மதியச் சாப்பாட்டு விலையிலேயே பெரும்பாலும் சாலட், ரொட்டி, காபி எல்லாம் அடங்கிவிடும்.

மேசையில் உட்கார்ந்து, ஆர்டர் எடுக்க ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள். கவுன்டருக்குப் போய் நாமேதான் வாங்க வேண்டும். சில பழைய கடைகளில் வாசலருகே டோக்கன் மெஷின் இருக்கும், உள்ளே போனதும் முதலில் அதில் ஒரு சீட்டைக் கிழித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்களுக்குப் பின்னால் வந்தவரெல்லாம் வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

காசு விஷயம். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுப்பது அங்கே சாதாரணம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள், கவுன்டரில் மல்லுக்கட்ட வேண்டாம். ரொக்கம் வாங்காத கடைகள் ஏராளம், உள்ளூர்க்காரர்கள் பணம் கட்டப் பயன்படுத்தும் ஸ்விஷ் செயலிக்கோ ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும், அதனால் சுற்றுலா போகிறவர்கள் கார்டை மறக்கக் கூடாது.

இனி முக்கியமான இடம், கண்ணாடி அலமாரி. இரண்டு பேரும் ஒரே பண்டத்தை வாங்காதீர்கள். ஒருவர் கனேல்புல்லே (லவங்கப்பட்டை பன்), இன்னொருவர் கார்தேமும்மாபுல்லே (ஏலக்காய் பன்) வாங்கி ஆளுக்குப் பாதி. என் ஓட்டு ஏலக்காய்க்குத்தான்; கொரகொரப்பாக இடித்த ஏலக்காய் பல்லில் படும்போது வரும் வாசனைக்கு லவங்கப்பட்டை ஈடாகாது. பச்சை மார்சிபான் (பாதாம்-சர்க்கரை விழுது) போர்த்திய பிரின்செஸ்டோர்ட்டா கேக் உள்ளே முழுக்க கிரீம், ஒரு துண்டை இரண்டு பேர் சாப்பிட்டாலே போதும். ஓட்ஸும் கோகோவும் வெண்ணெயும் சேர்த்து உருட்டிய, அடுப்பே பார்க்காத ஷொக்லாட்போல் பார்க்கச் சின்னது, ஆனால் வயிற்றை நிரப்பிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் போனால் செம்லா: பாதாம் விழுதும் கிரீமும் அடைத்த பன், மேல்மூடியை எடுத்து கிரீமில் தோய்த்துத் தொடங்குங்கள். முட்டை, மயோனைஸ், இறால் எல்லாம் குவித்து வைத்த ரேக்ஸ்மோர்கோஸை (மேல்ரொட்டி இல்லாத இறால் சாண்ட்விச்) கையில் தூக்க முயல வேண்டாம், அதற்குக் கத்தியும் முள்கரண்டியும்தான்.

காபியில் ஒரு சூட்சுமம் உண்டு. கப்புச்சினோ வாங்கினால் ஒரு கோப்பையோடு சரி. சாதா ஃபில்டர் காபியான பிரிக்காஃபே வாங்கினால் பல கடைகளில் இரண்டாவது கோப்பை இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும், அதற்குப் பெயர் போத்தோர். நெடுநேரம் பேச நினைத்தால் இதையே வாங்குங்கள். தண்ணீரும் இலவசம்தான், ஜாடி எங்காவது ஓரத்தில் இருக்கும்.

ஸ்டாக்ஹோமில் இருந்தால் 1928-லிருந்து நடக்கும் வேத்தே-காத்தன் போய்ப் பாருங்கள், அறை அறையாக நீளும் பழைய கடை. கோத்தன்பர்க் என்றால் ஹாகா பகுதியில் கஃபே ஹுசாரன். அங்கே லவங்கப்பட்டை பன் சாப்பாட்டுத் தட்டு அளவு, தயவுசெய்து ஆளுக்கொன்று வாங்கிவிடாதீர்கள்.

கிளம்பும்போது தட்டு அடுக்கும் ஸ்டாண்ட் கண்ணில் பட்டால் உங்கள் ட்ரேயை நீங்களே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.