லேப்டாப் ஓடலையா? விண்டோஸ் பென்டிரைவை இப்போதைக்கு டிராயரிலேயே விட்டுவையுங்கள்

போன வியாழக்கிழமை என் லேப்டாப் ரிப்பேர் கடைக்கு ஒரு நர்சிங் மாணவி லேப்டாப் கொண்டுவந்தார். இரண்டு வாரமாக அவ்வப்போது நீலத்திரை வந்து நின்றுபோயிருக்கிறது. அன்றைக்குக் காலையில் லோகோ வரைக்கும் வருவதும் அணைவதும் மறுபடி லோகோ வருவதுமாகவே இருந்திருக்கிறது. என்னிடம் வேலை பழகும் தம்பி அவர் சொல்வதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "விண்டோஸ் போயிருச்சுக்கா, ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே டிராயரைத் திறந்து விண்டோஸ் போடும் பென்டிரைவை எடுத்துவிட்டான்.

"வை கீழே" என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அவன் வயதில் நானும் இதே வேகத்தில் டிராயரைத் திறந்தவன்தான். அன்று என்ன ஆனது என்பதை அவனுக்குச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன். சார்ஜர் செருகியிருக்கிறதா, சுவிட்ச் போட்டிருக்கிறதா என்பதையெல்லாம் இதில் சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தொழில் பழகி ஆறு மாதம் ஆனவர்களும் செய்கிற தவறுகள்தான் என் கவலை.

"ஆன் ஆகலை" என்ற ஒரு வார்த்தையை நம்புவது

வாடிக்கையாளருக்கு எல்லாமே "ஆன் ஆகலை"தான். எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். விளக்கே எரியவில்லை என்றால் சார்ஜர், சார்ஜர் செருகும் ஜாக், பேட்டரி, போர்டு என்று தேடிப் போக வேண்டும். விளக்கு எரிந்து, ஃபேன் சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் ராமும் (கணினியின் தற்காலிக நினைவகம்) டிஸ்பிளேயும் முதலில் சந்தேகத்துக்கு உரியவை. லோகோ வந்து அங்கேயே நின்றால் பெரும்பாலும் டிஸ்க் அல்லது விண்டோஸ். உள்ளே போய் பத்து நிமிடம் ஓடியபின் பொசுக்கென்று அணைந்தால் சூட்டைப் பாருங்கள். ஃபேனின் வாயில் கம்பளி மாதிரி தூசி அடைத்திருக்கும்.

கறுப்புத் திரை வந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது, திரைக்குப் பின்னால் ஒளி தரும் பேக்லைட்தான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்தால் அது உறுதியாகிவிடும். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி அனுப்பப்பட்ட இயந்திரங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

சில லேப்டாப்புகள் தங்கள் நோயைத் தாமே சொல்லும். பவர் விளக்கோ கேப்ஸ் லாக் விளக்கோ குறிப்பிட்ட கணக்கில் மின்னும். அதை எண்ணிக் குறித்துக்கொண்டு, அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். எண்ணாமல் கழற்றத் தொடங்காதீர்கள்.

டேட்டாவை எடுக்காமல் பழுதில் கை வைப்பது

இதைப் பற்றி நீளமாகத்தான் எழுதுவேன். இத்தனை வருஷம் கழிந்தும் என்னால் ஆற முடியாத விஷயம் இது.

சென்னை ரிச்சி தெருவில் இரண்டு வருஷம் வேலை பழகிவிட்டுத் திருச்சிக்கு வந்து கடை போட்ட புதிது. 2012 மார்ச் மாதம். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றின் கணக்கர், வயது ஐம்பத்தைந்து இருக்கும், மஞ்சப்பைக்குள் துண்டு சுற்றி ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். ஒரு மாதமாக மெதுவாகி, நின்று நின்று ஓடி, அன்றைக்கு விண்டோஸுக்குள்ளேயே போகவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"சி டிரைவ்ல முக்கியமானது ஏதும் இருக்குங்களா சார்?"

"ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாம் டி-லதான் போட்டு வெச்சிருக்கேன்."

அதோடு விட்டேன். ராத்திரி, டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட விட்டு, கெட்ட செக்டர்களையும் (டேட்டா எழுதப்படும் சிறு துண்டுகள்) தேடச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் முடிந்திருந்தது. ஆனாலும் விண்டோஸ் எழவில்லை. சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்து விண்டோஸ் 7 போட்டேன். நன்றாக ஓடியது. பணம் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

மறுநாள் மதியம் அவர் வந்து நின்றார். டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தால் ஒரு கம்பெனியின் கணக்குகூட இல்லை. டேலியை யாரோ நிறுவியபோது டேட்டா ஃபோல்டரைச் சி டிரைவிலேயே விட்டிருக்கிறார்கள். அது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்ப்பதெல்லாம் டேலியின் திரையைத்தான். ஒரு வருஷத்துக் கொள்முதல், விற்பனை, வாட் வரிக் கணக்கு எல்லாம் அதற்குள் இருந்தன. வருஷம் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. ரெக்கவரி மென்பொருளை ஓட்டினேன். மூன்றாவது மணி நேரத்தில் டிஸ்க்கிலிருந்து "டக்... டக்... டக்..." என்று சத்தம் வந்தது. அதன்பின் எந்தக் கணினியிலும் அந்த டிஸ்க் தெரியவே இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. எடைச் சீட்டுகளையும் பில் புத்தகங்களையும் கோணிப்பையில் கட்டிக் கொண்டுவந்தார். நானும் அவரோடு உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக வவுச்சர் போட்டேன். ஏப்ரல் பாதி வரை அந்த வேலை நீண்டது. சில சீட்டுகளில் கார்பன் மை மங்கிப்போயிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அவர் எண்ணைப் படிப்பார், நான் தட்டுவேன்.

நான் செய்தது ஒரு தவறு அல்ல, அடுக்கடுக்காக நான்கு.

டிஸ்க் சாகக் கிடக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் உடனே கைவிடாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அத்தனை நேரமும் விண்டோஸ் உறைந்து நிற்கும். "ஒரு மாசமா நின்னு நின்னு ஓடுது" என்று அவர் சொன்னது அதைத்தான்.

இரண்டாவது, செக்டிஸ்க். அதன் வேலை எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துவது, உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அல்ல. கணக்கு ஒத்துவராத பதிவுகளை அது வெட்டும். எஞ்சிய துண்டுகளை அடையாளம் தெரியாத பெயரில் ஒரு ஃபோல்டரில் கொட்டும். கெட்ட செக்டரைத் தேடச் சொன்னால் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்கும். மூச்சு வாங்குகிற கிழவரை மலைக்கோட்டைப் படிகளில் ஓடச் சொல்வதற்குச் சமம் அது. விண்டோஸ் தானாகவே "ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்" என்று தொடங்கி, 11 சதவீதத்தில் மணிக்கணக்காக நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். "ராத்திரி முழுக்க ஓடட்டும்" என்று விடாதீர்கள். அணைத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

மூன்றாவது, நான் கேட்ட கேள்வியே தவறு. டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்று நம்மிடம் வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. "சி-ல ஒண்ணும் இல்ல, எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். டிரைவின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், வேலையைச் சொல்லிக் கேளுங்கள்: "இதுல தினமும் என்ன செய்வீங்க?" டேலி என்பார்கள், அவுட்லுக் மெயில் என்பார்கள், டிடிபி (அச்சுக்குப் பக்கம் அமைக்கும்) வேலை என்பார்கள். டிடிபிகாரர் என்றால் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பத்து வருஷத்துப் பத்திரிகை வேலை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

நான்காவது, நொந்துபோன அதே டிஸ்க்கில் ரெக்கவரி மென்பொருளை ஓட்டியது. முதலில் வேறொரு டிஸ்க்கில் பிம்பம், அதாவது முழு டிஸ்க்கின் அச்சு நகல், எடுத்து, அந்தப் பிம்பத்தில்தான் தேட வேண்டும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்தால் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். நன்றாகப் படிக்க வருகிற பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்பதை ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டே போவதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிம்பம் போகிற டிஸ்க் அதே அளவோ அதைவிடப் பெரியதோ இருக்க வேண்டும்.

ஆகவே என் கடையில் இப்போது முறை இதுதான். டிஸ்க் தனியாகக் கழலும் லேப்டாப் என்றால் முதலில் அது வெளியே வரும். யுஎஸ்பி கேபிளில் வேறு கணினியோடு இணைப்போம். "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல். "ஸ்கேன் செய்து சரி செய்யவா?" என்று கேட்டாலும் கேன்சல். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ரீஅலொகேட்டட் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள்), பென்டிங் (படிக்கத் திணறும் செக்டர்கள்) என்ற இரண்டு வரிகளைப் பார்ப்போம். மஞ்சள் விழுந்திருந்தால் நேராகப் பிம்பம்தான். டக் டக் சத்தம் கேட்டால் அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்திவிடுவோம். லேப்டாப் டிஸ்க்கின் தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது, படிக்கும் முனை அதன்மேல் தூசியைவிடக் குறைவான உயரத்தில் மிதக்கிறது. முனை தகட்டில் உரசினால் உரசிய இடத்து எழுத்து அழிந்துபோகும். அந்த டிஸ்க்கைச் சுத்த அறை வைத்திருக்கும் ரெக்கவரி நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மூடியைத் திறந்து பார்ப்பது, ஃப்ரிட்ஜில் வைப்பது இரண்டும் கொலை.

தகடு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி என்றால் இன்னும் கவனம். ஃபார்மட் அடித்தாலும் ரெக்கவரி போட்டு எடுத்துவிடலாம் என்ற பழைய தைரியம் அங்கே உதவாது. ஃபார்மட் ஆனதும் அந்த இடமெல்லாம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் சொல்லிவிடும், எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும்.

விண்டோஸ் எழவில்லை என்றாலே ஃபார்மட்தான் என்பதும் உண்மையல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன, விமானங்கள் நின்றன. அவற்றைச் சரிசெய்ய விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் எழும் சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழித்தால் போதுமாக இருந்தது.

பயாஸில் "லோட் டிஃபால்ட்ஸ்" அழுத்துவது

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள். அதன் அமைப்புகளையெல்லாம் ஆரம்ப நிலைக்குத் திருப்பும் பொத்தான் இது, என்ன செய்வது என்று தெரியாதபோது பலரும் அழுத்துவது. டிஸ்க்கை எப்படி அணுக வேண்டும் என்ற அமைப்பு ஏஎச்சிஐ என்ற முறையிலிருந்து ரெய்டு என்ற முறைக்கு மாறிவிட்டால், நன்றாக இருந்த விண்டோஸும் "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை காட்டும். பழைய லேப்டாப்பில் பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்தாலும் இதே கதை நடக்கலாம். கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். பயாஸில் எதைத் தொடுவதற்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிட்லாக்கர் சாவியைக் கேட்காமல் தொடங்குவது

புது லேப்டாப்புகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும், மதர்போர்டை மாற்றினாலும், பயாஸில் டிபிஎம்மை (பூட்டின் ரகசியத்தைக் காக்கும் சிப்) துடைத்தாலும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த லேப்டாப் என்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். சாவி இல்லாவிட்டால் உலகத்தில் எந்தக் கடையாலும் அதைத் திறக்க முடியாது. வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதே அவர் போனில் அந்தக் கணக்குக்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

"கர்னல் பவர் 41" என்று பார்த்ததும் சார்ஜரை மாற்றுவது

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் வரும் குறிப்பு இது. முறையாக அணையாமல் நின்றுபோனது என்பது மட்டும்தான் அதன் பொருள். ஏன் நின்றது என்று அது சொல்லவில்லை.

பேட்டரி இணைப்பை எடுக்காமல் ராமைக் கழற்றுவது

கூடாது.

உப்பிய பேட்டரியை அழுத்தி மூடுவது

டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். குத்தாதீர்கள், மடக்காதீர்கள். தீப்பிடிக்கும்.

டீ கொட்டியதும் "ஓடுதா பார்ப்போம்" என்று ஆன் செய்வது

அரிசியில் புதைப்பதும் வேண்டாம். கவிழ்த்துப் பிடியுங்கள், பேட்டரி இணைப்பை எடுங்கள், கடைக்கு வாருங்கள்.

ராமைச் சோதிக்காமல் விண்டோஸைக் குறை சொல்வது

அந்த நர்சிங் மாணவியிடம் நீலத்திரையின் அடியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். போனில் நான்கு படம் வைத்திருந்தார். நான்கிலும் நான்கு வேறு வேறு பிழைப் பெயர்கள். ஒவ்வொரு முறையும் பெயர் மாறினால் ராமைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழுதான ராமோடு விண்டோஸ் போட்டால் போடுகிற விண்டோஸே கெட்டுப்போய் இறங்கும். அந்த இயந்திரத்திலேயே டேட்டாவைக் காப்பி எடுத்தால் காப்பியிலும் பிழை நுழையும்.

எனவே எஸ்எஸ்டியைக் கழற்றி என் கணினியில் போட்டோம். பிட்லாக்கர் சாவியை அவர் போனிலிருந்தே எடுத்துத் தந்தார். மூன்று வருஷத்துக் குறிப்புகள், கேஸ் ஸ்டடி, அப்பாவின் மருத்துவமனை ஸ்கேன் எல்லாம் பத்திரமாக வெளியே வந்தன. பிறகு இரண்டு ராமையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினோம். முதலாவது சுத்தம். இரண்டாவதைப் போட்டதும் நான்காவது நிமிடத்தில் திரையில் சிவப்பு வரிகள் விழுந்தன. தம்பி அதை எடுத்துத் தனியாக வைத்தான். நல்ல ராமையும் எஸ்எஸ்டியையும் மாட்டி ஆன் செய்ததும், அவருடைய பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து வந்தது.