டேபிள்ல டேட்டா கடைசியா எப்ப மாறுச்சு? மைஎஸ்கியூஎல்ல பாக்குறது எப்படி

ராத்திரி ஓடவேண்டிய இம்போர்ட் ஓடுச்சா இல்லையான்னு காலைல வந்து பாக்கணும், ஆனா டேபிள்ல தேதி ஃபீல்டே இல்ல. அப்ப முதல்ல போகவேண்டிய இடம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா, அதாவது எல்லா டேபிளப் பத்தின தகவலும் மைஎஸ்கியூஎல்லே வச்சிருக்குற இடம். அதுக்குள்ள டேபிள்ஸ்னு ஒண்ணு இருக்கும், உங்க டேட்டாபேஸ் பேரு, டேபிள் பேரு ரெண்டையும் கண்டிஷனா குடுத்து அப்டேட்_டைம்ங்கிற ஃபீல்ட செலக்ட் பண்ணுங்க.

வந்த நேரத்த அப்படியே நம்பிடாதீங்க. வெர்ஷன் 8ல இந்தத் தகவல கேஷ் பண்ணி (ஒருதடவ எடுத்தத சேமிச்சு, அதையே திரும்பக் காட்டுற மாதிரி) வச்சுக்கும், டிஃபால்ட்டா 86400 செகண்ட், அதாவது ஒரு முழு நாள். நான் இது தெரியாம, இப்பதான் ரோ போட்டேன் நேரம் மாறலயேன்னு அரை நாள் கோட தோண்டிட்டு இருந்தேன். அதனால குவெரி ஓட்டுறதுக்கு முன்னாடி உங்க செஷன்ல இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா_ஸ்டேட்ஸ்_எக்ஸ்பைரிய 0ன்னு செட் பண்ணிடுங்க.

நேரத்துக்கு பதிலா நல் (NULL, மதிப்பே இல்லன்னு அர்த்தம்) வந்தா? டேபிள் மாறவே இல்லன்னு அர்த்தம் இல்ல, சர்வருக்கு ஞாபகம் இல்ல, அவ்ளோதான். இன்னோடிபி, அதாவது மைஎஸ்கியூஎல் டிஃபால்ட்டா டேட்டாவ சேமிக்கிற இன்ஜின், இந்த நேரத்த மெமரிலதான் வச்சிருக்கு, ரீஸ்டார்ட் ஆனா போயிடும். 5.7க்கு முந்தின சர்வர்னா இன்னோடிபி டேபிளுக்கு இது எப்பவுமே நல்தான், பார்ட்டிஷன் பண்ண (பல பகுதியா பிரிச்சு வச்ச) டேபிளுக்கும் இத நம்பமுடியாது.

அதனால முக்கியமான டேபிள்னா நாமளே எழுதி வச்சுக்கிறதுதான் சரி. டைம்ஸ்டாம்ப் ஃபீல்டு ஒண்ணு சேத்து, டிஃபால்ட்டும் ஆன் அப்டேட்டும் கரண்ட்_டைம்ஸ்டாம்ப்னு குடுத்து, அதுமேல இண்டெக்ஸ் போட்டுட்டா மேக்ஸ், அதாவது இருக்குறதுலயே கடைசி நேரம், எடுத்தா போதும், சட்டுனு வந்துடும். ஏற்கெனவே இருக்குற ரோ எல்லாத்துக்கும் ஃபீல்டு சேத்த நேரம்தான் விழும், அத மாத்தின நேரம்னு எடுத்துக்காதீங்க.

ஒரே ஓட்டை டிலீட். ரோவே போயிட்டா அதோட நேரமும் போச்சு. அதுவும் தெரியணும்னா தனியா ஒரு சின்ன டேபிள்ல, டேபிளுக்கு ஒரு ரோ வச்சு, இன்சர்ட், அப்டேட், டிலீட் மூணுக்கும் ட்ரிகர் (டேபிள் மாறும்போது தானா ஓடுற கோடு) எழுதி அந்த ரோவோட நேரத்த மாத்துங்க. ஆனா மைஎஸ்கியூஎல் ட்ரிகர் ஒவ்வொரு ரோவுக்கும் ஓடும், எழுதுற எல்லாரும் அந்த ஒரே ரோவோட லாக்குக்கு கியூல நிப்பாங்க, அதனால ரொம்ப பிஸியான டேபிள்ல இத போடவேணாம். ட்ரங்கேட் பண்ணி மொத்த டேபிளயும் காலி பண்ணாலும், ஃபாரின் கீ கேஸ்கேட்ல, அதாவது வேற டேபிள்ல ரோ அழிஞ்சதால அதோட இணைஞ்ச ரோ தானா அழிஞ்சாலும் ட்ரிகர் ஓடாது, அத கணக்குல வச்சுக்கோங்க.