கிட் நிரலில் 40 என்ற எண்ணைக் களையெடுப்பது

சுங்கை சிப்புட் கடைமாடியில் உட்கார்ந்து செம்பனை மில்லுக்கு எடைச்சீட்டு நிரல் எழுதினாலும், நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் சி நிரலையே தொட்டாலும் சிக்கல் ஒன்றுதான்: ஹேஷ் (ஒவ்வொரு பதிப்புக்கும் கிட் தரும் அடையாளக் குறி) எப்போதும் 40 எழுத்து என்று நிரலில் எழுதிவைப்பது. ஷா-1 அல்காரிதத்தில் ஹேஷ் 20 பைட், ஹெக்ஸில் (16 அடிமான எழுத்தில்) 40 எழுத்து. ஷா-256 என்றால் 32, 64. 2020இல் வந்த கிட் 2.29 முதல் இரண்டும் உண்டு.

கிரெப் (உரை தேடும் கட்டளை) போட்டு 20, 40, 41 (40உடன் சரத்தின் முடிவைக் காட்டும் சுழியம் 1) மூன்றையும் தேடுங்கள். மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், கண்ணில் படும் 40 எல்லாம் ஹேஷ் அல்ல.

கூட்டலுக்குள் ஒளிந்திருப்பதுதான் ஆளை ஏமாற்றும். கமிட்டில் (கிட் சேமிக்கும் பதிப்புப் பதிவில்) 'ட்ரீ' என்ற சொல்லும் இடைவெளியும் 5 பைட், ஹேஷ் 40, வரிமுடிவு 1, ஆக 46. 'பேரன்ட்' வரி 48. கிரெப்பில் 40 தேடினால் இவை சிக்காது. இங்கே நடப்பு அல்காரிதத்தின் ஹெக்ஸ் நீளத்தோடு 6, 8 என்று கூட்டி எழுதுங்கள்.

நிலையான அளவுள்ள அரே (எழுத்துகளைச் சேமிக்கும் வரிசை) அறிவிக்கும்போது மட்டும் உச்ச அளவு: 64, முடிவுச் சுழியத்துக்கு 1, மொத்தம் 65. நகலெடுக்கவும் ஒப்பிடவும் உச்ச அளவைப் போட்டால், ஷா-1 களஞ்சியத்தில் (கிட் வரலாறு சேமிக்கும் இடத்தில்) 24 எழுத்து தாண்டிப் படிக்கும். அடிக்கடி நடக்கும் தப்பு இது.

எடைச்சீட்டில் பதிப்பு ஹேஷ் அச்சிடுகிறீர்களா? தரவுத்தளப் பத்தி 40ஆகவே இருந்தால், சில அமைப்புகளில் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். 40 எழுத்தையே எதிர்பார்க்கும் ரெஜெக்ஸையும் (உரை வடிவம் சோதிக்கும் விதி) பாருங்கள்.

கடைசியாக, 'கிட் இனிட்' கட்டளைக்கு ஆப்ஜெக்ட்-ஃபார்மட்டாக ஷா-256 கொடுத்து ஒரு களஞ்சியம், வழக்கமான ஷா-1 ஒன்று உருவாக்குங்கள். இரண்டிலும் சோதனையை ஓட்டுங்கள்.