காதலா பொருளா: பாட்டையும் ஓவியத்தையும் ஒப்பிட்டு எழுதும் முறை

ஒரு பாட்டு, ஒரு ஓவியம் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் கட்டுரை பட்டியலாகிவிடும். உயர்தரப் பரீட்சைக்குத் தமிழும் சித்திரமும் எடுப்பவர்களுக்கு நற்றிணை 16ஆம் பாட்டும், ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1743 அளவில் வரைந்த 'மேரேஜ் ஆ லா மோட்' என்ற ஆறு ஓவியங்களில் முதலாவதும் நல்ல இணை.

பாட்டை உரை பார்க்காமல் இருமுறை வாய்விட்டு வாசியுங்கள். 'பொருள்' வரும் நான்கு இடங்களிலும் கோடிடுங்கள். தலைவியைப் பிரிந்து பொருள் (செல்வம்) தேடப் போவதா என்று தலைவன் பேசுவது தன் நெஞ்சோடு. பொருளை மறுக்கும் கடைசி அடியிலும் அதை 'வாழிய' என்கிறான். பொருள் அழிவதற்கு அவன் சொல்லும் உவமை, பொய்கை நடுவே ஓடும் மீனின் வழி. திருகோணமலைக்காரர் கை தவறி அதைக் கொட்டியாரக் குடாவில் வள்ளம் கிழித்த கோடாக்கிவிடக் கூடும். வள்ளத்தின் தடம் சற்று நிற்கும். மீனின் வழி அப்போதே மூடிவிடும். அந்த வேகம்தான் உவமை.

'காதல் வென்றது' என்று முடிப்பதுதான் பெரிய பிழை. இந்தத் துறை செலவழுங்கல், அதாவது புறப்பட இருந்தவன் பயணத்தைத் தள்ளிவைப்பது. 'செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே' என்கிறது தொல்காப்பியக் கற்பியல்: தலைவியைத் தேற்றத் தங்குகிறான், பயணத்தைக் கைவிடவில்லை. கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ கட்டாருக்குப் போகிறவரை ஒரு வரியில் உதாரணம் காட்டலாம். ஆனால் இன்று வெளிநாடு போவது பெண்ணாகவும் இருக்கும். அப்போது பாட்டின் அமைப்பே தலைகீழாகும், அதையும் சொல்லுங்கள்.

ஓவியம் காட்டுவது, ஒரு பிரபுவின் மகனுக்கும் பணக்கார வணிகரின் மகளுக்கும் நடக்கும் கல்யாண ஒப்பந்தம். அதை ஏ3 தாளில் அச்சிடுங்கள்; ஏ4இல் முகங்கள் தெரியாது. 1745இல் வெளிவந்த செதுக்கல் அச்சுகள் இடவலம் மாறியவை. மூல ஓவியத்தில் மணமக்கள் இடப்பக்கம், பிரபு வலப்பக்கம். இணையத்தில் எடுத்த படம் எதுவென்று முதலில் பாருங்கள். தவறினால் 'இடது', 'வலது' என்று எழுதியதெல்லாம் பிழையாகும்.

பிறகு, ஒவ்வொரு கண்ணிலிருந்தும் அது பார்க்கும் இடத்துக்குப் பென்சிலால் கோடு போடுங்கள். மணமகன் கண்ணாடிப் பக்கம். மணமகள் கைக்குட்டையில் மோதிரத்தை உருட்டுகிறாள். அவள் காதோரம் வழக்கறிஞர் குனிந்திருக்கிறார். வணிகரான அவள் தந்தைக்கு ஒப்பந்தத் தாள்தான் தெரிகிறது. பிரபு தன் வம்ச மரத்தைச் சுட்டுகிறார். கீழே ஒரே சங்கிலியில் இரண்டு நாய்கள். யன்னலுக்கு வெளியே பாதியில் நிற்கும் கட்டடம் பிரபுவின் பணம் போன வழியைச் சொல்கிறது. இதை நம்மூர்ச் சீதனத்தோடு அப்படியே ஒட்டாதீர்கள்: இங்கே வணிகர் பணம் கொடுத்து வாங்குவது குலப்பெருமை.

இரண்டையும் இணைக்கும் கயிறு பார்வை. பாட்டில், உலகையே தூணியாக்கி (தூணி என்பது பழைய முகத்தல் அளவு) ஏழுமுறை அளக்கும் செல்வத்தையும் தலைவியின் செவ்வரி படர்ந்த கண்ணின் ஒரு நோக்கு மிஞ்சுகிறது. ஓவியத்தில் மணமக்கள் கோடுகள் எங்கும் சந்திக்கவில்லை. 500 சொல் கட்டுரையில் இதற்கே 200 சொல் ஒதுக்குங்கள். ஓவியரின் வரலாற்றுக்கு இரண்டு வரி போதும்.