ஒரு மணி நேரப் பயிற்சியும் பத்து மணி நேரக் கட்டும்: முடி கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தின் சொத்தவிளை, சங்குத்துறைக் கடற்கரைகளில் விடியற்காலை நடைக்கு வரும் பெண்களையும், நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் ஓடப் பழகும் மாணவியரையும் கவனித்தால், ஏறக்குறைய எல்லாரும் முடியை ஒரே விதமாகக் கட்டியிருப்பது தெரியும். முடி நெற்றியிலிருந்து படிய வாரி இழுக்கப்பட்டு, உச்சியிலோ பின்னந்தலையிலோ ரப்பர் பேண்டால் இறுக்கப்பட்டிருக்கும். பயிற்சியின்போது முடியைக் கட்டுவதில் பிழை எதுவும் இல்லை. ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நடந்தால், வீடு திரும்பிச் சிக்கெடுக்கும்போது சீப்போடு வருவது கொஞ்ச முடியாக இருக்காது. எவ்வளவு இறுக்கமாக, தலையின் எந்த இடத்தில், எந்த நிலையிலுள்ள முடியை, எத்தனை மணி நேரம் கட்டி வைக்கிறோம் என்பதில்தான் தவறுகள் நேர்கின்றன.

பெண் பிள்ளைகளுக்குக் கபடியும் ஓட்டமும் பயிற்றுவித்துவரும் எனக்கு இது உறைத்தது ஒரு குழாயடியில்தான். ஆட்டம் முடிந்து முகம் கழுவிக்கொண்டிருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நெற்றியோரத்தில், இரு நெற்றிப்பொட்டுகளுக்கும் மேலே, ஒரு விரல் அகலத்துக்கு முடி அடர்த்தி குறைந்து தோல் பளிச்சென்று தெரிந்தது. அந்த இடைவெளியின் முன்விளிம்பில் மட்டும் மென்மையான குட்டை முடிகள் ஒரு வரிசையாக நின்றன. பின்னலின் இழுப்புத் தொடங்கும் இடத்தில் கடுகளவுச் சிவந்த பருக்கள் இருந்தன. வெயிலில் ஆடுவதால் முடி கொட்டுகிறது என்று அவள் அம்மா நினைத்திருந்தார். சடையை எப்போது அவிழ்ப்பாய் என்று கேட்டேன். காலை 6 மணிக்குப் பின்னி மடித்து ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடம், மாலையில் ஆட்டம், அதன்பின் டியூஷன் என்று போய்விட்டு, இரவு படுக்கும்போதுதான் அவிழ்ப்பதாகவும், சில நாள் அப்படியே தூங்கிவிடுவதாகவும் சொன்னாள்.

அவள் நெற்றியோரத்தில் நான் கண்டது இழுவை முடியுதிர்வு. முடி ஒவ்வொன்றும் தோலுக்குள் ஒரு சிறு பையில் வேரூன்றி நிற்கிறது. அதைத் தொடர்ந்து ஒரே பக்கமாக இழுத்து வைத்தால் அந்தப் பை புண்பட்டு அழற்சி கொள்கிறது. வளர்பருவத்தில் இருக்கும் முடியே வேரிலிருந்து தளர்ந்து விழத் தொடங்குகிறது. நெற்றியோரத்து முடிகளும் காதோரத்து முடிகளும் மெல்லியவை. இழுப்பின் பாரமும் அங்கேதான் அதிகம் என்பதால் முதலில் வெறிச்சிடுவது அந்த இடங்களே. 1907ஆம் ஆண்டிலேயே, முடியை உச்சியில் இறுக்கிக் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களிடம் இந்த உதிர்வு பதிவு செய்யப்பட்டிருக்கிறது. தொடக்கத்திலேயே கட்டைத் தளர்த்திவிட்டால் சில மாதங்களில் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் இழுப்பு நீடித்தால் முடிப்பை தழும்பாகிவிடும். பிறகு எந்த எண்ணெயைத் தேய்த்தாலும் அங்கே முடி முளைக்காது. நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணமே இந்த வேறுபாடுதான்.

ஆகவே, பயிற்சி முடிந்த பிறகும் கட்டை அவிழ்க்காமல் விடுவதை முதல் தவறாகச் சொல்வேன். ஒரு மணி நேர ஓட்டத்துக்காக முடியைச் சற்று இறுக்கிக் கட்டினால் வேர் அதைத் தாங்கிக்கொள்ளும். அதே கட்டோடு சமையல், அலுவலகம், பேருந்துப் பயணம் என்று இரவுவரை இருந்தால், நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேர் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. கட்டை அவிழ்க்கும்போது உச்சந்தலை வலிப்பதையும், விரலால் தொட்டால் முடிவேர் நோவதையும் பலர் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். தலையின் தோல் கொடுக்கும் முதல் எச்சரிக்கை அந்த வலியே. ஆடி முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் சடையைத் தளர்த்தி, விரல்நுனியால் தோலை மெல்லத் தடவிவிடுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இறுக்கத்தின் அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கட்டி முடித்ததும் புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றித் தோல் பின்னோக்கி இழுபடுவதாகத் தோன்றினாலும், கட்டுக்கும் தலைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய மறுத்தாலும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். தலையின் எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். உச்சியில் போடும் குதிரைவால், ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் ஊசலாடித் தன் கனத்தால் வேரைச் சுண்டுகிறது. முடி நீளமாக இருந்தால் சுண்டுதலும் பலமாக இருக்கும். பிடரிக்கு அருகே தளர்வாகப் போட்ட ஒற்றைப் பின்னல் அந்த ஆட்டத்தைப் பெரிதும் குறைக்கும். நல்ல கட்டாகவே இருந்தாலும் நாள்தோறும் அதே இடத்தில் போடாமல், இன்று பிடரியில் பின்னல், நாளை சற்று மேலே தளர்ந்த கொண்டை, மறுநாள் இரண்டு சடை என்று மாற்றிக்கொள்வது நல்லது. வகிட்டையும் இடம் மாற்ற வேண்டும். இரு பக்கமும் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட ஒரே வகிடு மெல்ல அகன்றுகொண்டே போகும்.

கபடி போன்ற ஆட்டங்களில் கிளட்ச், கொண்டை ஊசி, ஸ்லைடு எதுவும் தலையில் இருக்கக் கூடாது. மல்லாந்து விழுந்தால் கிளட்சின் பற்கள் உடைந்து தலையில் குத்தும். தோவாளைப் பிச்சிப்பூவைச் சூடும்போது நாள்தோறும் ஒரே கற்றையில் ஸ்லைடைச் செருகுகிறவர்களும், அந்தக் கற்றை பாதியில் முறிந்து நிற்பதைக் கண்ணாடியில் பார்க்கலாம்.

நம் மாவட்டத்தில் மிகவும் பரவலாக இருப்பது ஈரத்தோடு கட்டும் தவறு. இங்கே தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மழை தருகின்றன. காற்றில் ஈரப்பதம் குறைவதே அபூர்வம். காலையில் தலை குளித்துவிட்டு, உலர நேரமில்லாமல், துவர்த்துத் துண்டைச் சுற்றிப் பிழிந்த கையோடு கொண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். முடியின் உடல் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் தற்காலிகமாக அவிழ்த்துவிடுகிறது. அதனால் ஈரமுடி உலர்ந்த முடியைவிட அதிகமாக நீளும். எல்லை மீறி நீண்டால் பழைய நிலைக்குத் திரும்பாமல் முறியும். ஈரத்தில் இறுக்கிய ரப்பர் பேண்ட் பதிந்த இடத்தில் எல்லா முடியும் ஒரே நீளத்தில் முறிந்து நிற்பது இதனால்தான்.

முறிவோடு சங்கடம் தீர்வதில்லை. மணிக்கணக்கில் உலராத கொண்டைக்குள் வெப்பமும் ஈரமும் தங்குவதால் பூஞ்சை வளர வசதி கிடைக்கிறது. முடித்தண்டிலேயே வெண்மையான மென்முடிச்சுகளாகப் படியும் ஒருவகைப் பூஞ்சைத் தொற்று, நீண்ட முடியை ஈரத்தோடு கட்டி வைப்பவர்களிடம் காணப்படுகிறது. விரலால் உருவினால் மணல் ஒட்டியதுபோல் நெருடும் அந்த முடிச்சுகளை ஈர் என்று எண்ணிப் பேன் மருந்து போட்டுக் காலம் கடத்துவோர் உண்டு. இறுக்கமாகக் கட்டுபவர்களின் முடியில் வேருக்கு அருகே தோன்றும் வெண்ணிற உறைகளும் ஈர்போலவே தெரியும். ஆனால் அவை இழுத்தால் முடியோடு எளிதில் நழுவி வரும், ஈரோ ஒட்டிய இடத்தை விடாது.

தலை குளித்த பிறகு துவர்த்தால் முடியை அடித்துத் தட்டும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். மெல்லிய துவர்த்தை வைத்து ஒற்றி எடுத்து, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, மின்விசிறிக் காற்றில் தோல்வரை உலரவிட்டுப் பிறகு கட்டுவதே சரி. காலையில் அதற்கு நேரம் கிடைக்காதவர்கள், பயிற்சிக்கு முன் குளிக்காமல் பயிற்சிக்குப் பின் குளித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

எண்ணெய் பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. தென்னை நிற்காத முற்றம் அரிதான ஊர் இது. செம்பருத்தியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் குறைசொன்னால் வீட்டில் பாட்டிமார் வருந்துவார்கள். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிச் சென்று, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைப்பது உண்மை. ஆனால் அதைத் தலை நிறையப் பூசி, படிய வாரி இறுக்கிக் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவது வேறு செயல். எண்ணெயோடு வியர்வையும் மைதானத்துப் புழுதியும் சேர்ந்து தோலின் துளைகளை அடைக்க, நெற்றியிலும் பிடரியிலும் பருக்கள் வருகின்றன. பொடுகு உள்ளவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. பொடுகோடு தொடர்புடைய மலசேசியா என்னும் பூஞ்சைக்குக் கொழுப்பே உணவு. தோலில் தங்கும் எண்ணெய் அதற்கு இட்ட தீனியாகிவிடுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என்று நம் முன்னோர் சொன்ன சொல்லிலேயே குளிப்பதும் அடங்கியிருக்கிறது. குளிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் முடியின் நீளத்திலும் நுனியிலும் எண்ணெய் தடவி, பிறகு கழுவிவிடுங்கள்.

வியர்வையால் முடி கொட்டும் என்ற அச்சம் வேண்டாம். வியர்வை காய்ந்தபின் தோலில் தங்கும் உப்பு அரிப்பைத் தருகிறது. அரிக்கிறதே என்று நகத்தால் சொறிவதுதான் புண்ணாக்குகிறது. நாள்தோறும் பயிற்சி செய்பவர்கள் நாள்தோறும் ஷாம்பு போட வேண்டியதில்லை. வெறும் தண்ணீரில் தோலை நன்றாக அலசி உலர்த்தி, வாரம் இரண்டு மூன்று முறை மென்மையான ஷாம்பு பயன்படுத்தினால் பெரும்பாலோருக்குப் போதும். கடலோரக் கிணறுகளின் உப்புத்தண்ணீரில் ஷாம்பு நன்றாக நுரைக்காது. கடைசி அலசலுக்கு மட்டுமாவது இரண்டு செம்பு நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பொடுகுக்குக் கீட்டோகோனசோல் ஷாம்பு வாங்குபவர்கள் அதைப் போட்ட உடனே கழுவிவிடாமல், மூன்று முதல் ஐந்து நிமிடம் தோலில் தங்கவிட வேண்டும்.

பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டும் வெறும் ரப்பர் வளையத்தை முடிக்குப் போடக் கூடாது. முடியின் மேற்செதிள்களைக் கவ்வி உரிக்கும் அது, கழற்றும்போது முடியையும் பிடுங்கிக்கொண்டு வரும். அவசரத்துக்குப் போட்டுவிட்டால் இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள். துணி சுற்றிய அகன்ற பேண்ட் நல்லது. தலையில் அணியும் ஹேர் பேண்டும் தொப்பியும் வியர்வை குடித்தவை என்பதால் அடிக்கடி துவைக்க வேண்டும். பிறரோடு மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஹெல்மெட் அணிந்து மைதானத்துக்கு வருகிறவர்கள் உச்சிக்கொண்டையோடு அதை அழுத்தி மாட்டினால், கொண்டைக்கும் கேடு, ஹெல்மெட்டும் தலையில் சரியாகப் பொருந்தாது.

முடி கட்டும் விதத்தையே எல்லா உதிர்வுக்கும் காரணமாக்குவதும் தவறுதான். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சலோ மகப்பேறோ நிகழ்ந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் உதிர்ந்தால் அதன் காரணம் வேறு. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூட முடியைக் குறைக்கும். நெற்றியோரம் ஏறிக்கொண்டே போனாலும், பருக்கள் சீழ் வைத்தாலும், வட்டமாகச் சொட்டை விழுந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவது, விளம்பரத்தில் கண்ட எண்ணெய்களை மாற்றி மாற்றி வாங்குவதைவிடப் பயன் தரும்.

அந்த மாணவியின் அம்மாவை அழைத்துப் பேசினேன். பள்ளி விதிப்படி இரட்டைச் சடை தொடர்ந்தது; ஆனால் நெற்றியிலிருந்து இழுக்காமல் காதுக்குக் கீழே தளர்வாகப் பின்னி, ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே அவிழ்த்துவிடும் பழக்கம் வந்தது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பொறுத்திருக்கச் சொன்னேன். ஐந்தாம் மாதம் அதே குழாயடியில் முகத்தைத் துடைத்துவிட்டு, நெற்றியோரத்தில் எந்தச் சீப்புக்கும் படியாமல் விறைத்து நின்ற கருமையான குட்டை முடிகளை விரலால் நீவிக் காட்டினாள்.