‘கிழவி பேரா இருக்கே!’: குழந்தைக்குப் பெயர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பார்க்கப் போனவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். “மாமா, இதுல எது நல்லா இருக்குன்னு சொல்லுங்க.” குழந்தைக்குத் திருவாதிரை நட்சத்திரம். ஜோசியர் எழுதிக் கொடுத்த எழுத்துகள் கு, க, ங, ச. தாளில் முப்பது பெயருக்கு மேல் இருக்கும். பாதிக்கு மேல் அடித்திருந்தது. குணவதி, கற்பகம், குமுதா, சரோஜா, சந்திரா எல்லாவற்றின் மீதும் ஸ்கேல் வைத்துப் போட்டது போலக் கோடு.

ஏன் என்று கேட்டேன். “கிழவி பேரா இருக்கே மாமா. நாளைக்கு ஸ்கூல்ல சிரிப்பாங்க.”

கற்பகம் என் அம்மாவின் பெயர். அவளுக்குப் பாட்டி. அதை நான் சொல்லிக் காட்டவில்லை, அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாள் எனக்குள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டது. பெயர் பழசாகிவிட்டால் உண்மையிலேயே என்ன கெட்டுவிடும்?

என் பெயர் சுரேஷ். பிறந்தது 1974. அப்பா பெயர் சுப்பையா. சுப்பையாக்களும் மாடசாமிகளும் நிறைந்த தெருவில் ‘சுரேஷ்’ அன்றைக்குப் பளபளப்பான பெயர். தாத்தாவுக்கு அது வாயில் நுழையவில்லை, கடைசிவரை ‘சுரேசு’ என்றுதான் கூப்பிட்டார். ஆறாம் வகுப்புக்குப் போனால் அங்கே நாலு சுரேஷ், மூன்று ரமேஷ், இரண்டு மகேஷ். என்னை ‘கட்டை சுரேஷ்’ என்று பிரித்தார்கள். இன்றைக்குப் போனில் பெயரைச் சொன்னதுமே எதிரில் இருப்பவருக்கு என் வயது தெரிந்துவிடுகிறது. இதனால் எனக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துப் பார்க்கிறேன். வேலை போகவில்லை, கல்யாணம் நிற்கவில்லை. அந்தக் ‘கட்டை’தான் கொஞ்ச நாள் உறுத்தியது, அதற்கும் பெயருக்கும் சம்பந்தம் இல்லை.

பழசாவது தவறில்லை. பழசாகிவிடுமோ என்ற பயத்தில் செய்கிற காரியங்களில்தான் தவறுகள் இருக்கின்றன.

பழசாகாத பெயர் ஒன்று இருக்கிறது என்று நம்புவது

பெயரின் வயதைப் பெரும்பாலும் அதன் வால்தான் காட்டிக்கொடுக்கும். -அம்மாள், -ஆயி, -சாமி, -முத்து என்று முடிந்தால் ஒரு தலைமுறை. அதற்கடுத்து -செல்வன், -செல்வி, -அழகன், -விழி. இவை திராவிட இயக்கமும் தனித்தமிழும் கொண்டுவந்த அலை. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய சுவாமி வேதாசலம் 1916-வாக்கில் தன் பெயரை மறைமலை அடிகள் என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக்கொண்டார். வேதம் மறை ஆயிற்று, அசலம் மலை ஆயிற்று. பின்னால் திராவிட இயக்கத் தலைவர்களில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இளங்கோவன், தமிழ்ச்செல்வி, மலர்விழி என்று வைத்தார்கள். அதற்கப்புறம் எங்கள் ‘ஏஷ்’ கூட்டம். அதற்கப்புறம் பிரியா, திவ்யா, கார்த்திக், விக்னேஷ். இப்போது -ஷிகா, -த்விக், -ன்ஷ்.

முருகன் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். கந்தசாமி, பழனிச்சாமி, சுப்பிரமணி, சரவணன், செந்தில்குமார், கார்த்திக், குகன். சாமி அதேதான், சட்டை மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. செந்தில்குமார் வைத்தவர்களும் பழனிச்சாமியைப் பார்த்து ‘பழசு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று வைக்கும் பெயர் முப்பது வருடத்தில் ‘அங்கிள் பெயர்’ ஆகும். இதிலிருந்து தப்ப வழி கிடையாது.

வித்தியாசமாக இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பது

பழசைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஓடிப்போய் நிற்கும் இடம் ‘யாருக்கும் இல்லாத பெயர்’. அக்கா மகளின் தாளில் கோடு விழாமல் மிஞ்சியவை பெரும்பாலும் இந்த வகை. அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி, நடுவில் ஒரு ‘ஷ்’. நர்சரிப் பள்ளி வாசலில் மாலை மூன்று மணிக்கு நின்று, ஆயா பிள்ளைகளைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பாருங்கள். ரித்விக், ரித்திஷ், ரித்திக், நித்திக், தன்விக், தன்ஷிகா, தர்ஷிகா. ஒவ்வொரு வீட்டிலும் இது யாருக்கும் இல்லாத பெயர். வாசலில் எல்லாமே ஒரே சந்தம். கூப்பிடுகிற ஆயாவுக்குத்தான் பாவம், நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. நாலு சுரேஷில் குழப்பம்தான் இருந்தது, சிரமம் இல்லை.

இந்தப் பெயர்கள்தான் சீக்கிரம் பழசாகும் என்பது என் கணிப்பு. கற்பகத்துக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கிறது, மயிலாப்பூரில் ஓர் அம்மன் இருக்கிறாள். வெறும் ஓசையைப் பிடித்து வைத்த பெயருக்கு அந்த ஓசையின் மவுசு போனால் பின்னால் ஒன்றும் மிஞ்சாது.

அர்த்தத்தையும் சரிபாருங்கள். பெயர்ப் பட்டியல்களில் எந்தப் பெயரைத் தட்டினாலும் ‘ஒளி’, ‘அழகு’, ‘கடவுளின் பரிசு’, ‘தனித்துவமானவன்’ என்று ஏதாவது ஒன்று வரும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. தமிழ்ப் பெயர் என்றால் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, சமஸ்கிருதம் என்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அந்தச் சொல் அதில் இல்லை என்று தெரிந்த பிறகும் பிடித்திருந்தால் வையுங்கள், அது வேறு.

பழசு என்றால் பழசேதான் என்று முடிவு கட்டுவது

நம் காதுக்கு ஒரு வினோதமான பழக்கம். அப்பா, அம்மா வயதுக்காரர்களின் பெயர் அலுப்புத் தட்டும். அதற்கும் பின்னால் வெகுதூரம் போனால் புதுசாகக் கேட்கும். கீழடிப் பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கும் மூத்த பெயர்கள். இன்றைக்கு ஒரு குழந்தைக்கு ஆதன் என்று பெயர் வைத்தால் “அட, புதுசா இருக்கே” என்கிறோம். ரமேஷ் என்று வைத்தால்தான் ஒரு மாதிரி பார்க்கிறோம். இரண்டில் எது பழசு?

முன்பெல்லாம் பழசாக இருப்பதுதான் பெயருக்கே அழகு. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்கியவன். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? அதனால் வீட்டில் கூப்பிட ‘ராசா’, ‘தம்பி’, ‘கண்ணு’ என்று ஒரு பெயர் வந்தது. சான்றிதழில் ஒன்று, வாயில் ஒன்று என்கிற வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை, வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாத்தா மனம் நோகக் கூடாது என்று அவர் பெயரைச் சான்றிதழில் போட்டுவிட்டு, வீட்டில் வேறு பெயரைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதல் நாள் தன் பெயரைக் கூப்பிட்டும் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறது. வைத்தால் கூப்பிடுங்கள். கூப்பிட மனம் வராத பெயரைத் தாளில் மட்டும் வைக்காதீர்கள்.

எல்லாப் பழைய பெயரையும் ஒரே கண்ணால் பார்ப்பது

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்றோ, பிச்சை என்றோ பெயர் வைப்பார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றுவதற்கு. அந்தப் பெயரில் இருப்பது முழுக்கப் பாசம். ஆனால் பெண்ணாகவே பிறக்கிறதே என்று ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் வைத்தார்களே, அதில் பாசம் இல்லை. பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும் ஒவ்வொரு நாளும் அது ஒரு பெண்ணிடம் ‘நீ வேண்டாம்’ என்று சொல்கிறது. அதைப் பழசு என்று சொல்ல மாட்டேன், காயம் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. மாடசாமி என்று பெயர் இருந்தால் ‘உனக்கு எதுக்குடா சாமி’ என்று மாடன் என்றே கூப்பிட்ட ஊர்கள் இருந்தன. அந்த வீட்டில் இருந்து வந்தவர் தன் பிள்ளைக்கு எந்த ஜாதியும் தெரியாத, எந்த ஊரும் தெரியாத பெயரைத் தேடினால், அவரிடம் போய்ப் ‘பாட்டன் பெயரை விட்டுட்டீங்களே’ என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. புதுப்பெயர் மோகம் என்று நான் மேலே கிண்டல் செய்தது அவரைப் பற்றி அல்ல.

பெயரின் காலத்தை மனிதனின் காலமாக எண்ணுவது

1953 மார்ச் 1-இல் கருணாநிதிக்கு ஒரு மகன் பிறந்தார். நாலு நாள் கழித்து மார்ச் 5-இல் சோவியத் தலைவர் ஜோசப் ஸ்டாலின் இறந்தார். இரங்கல் கூட்டத்தில் பேசிய கருணாநிதி, மகனுக்கு அந்தப் பெயரையே வைப்பதாக அறிவித்தார். பெயருக்குத் தேதி முத்திரை குத்துவது என்றால் இதைவிட அழுத்தமாகக் குத்த முடியாது. எட்டே ஆண்டில், 1961-இல், அந்த நாட்டிலேயே ஸ்டாலின்கிராட் நகரின் பெயரை வோல்கோகிராட் என்று மாற்றிவிட்டார்கள். 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனது. இங்கே அந்தப் பெயர்க்காரர் 2021-இல் முதலமைச்சர் ஆனார். தமிழ்நாட்டில் அந்தப் பெயரைக் கேட்டதும் ரஷ்யா ஞாபகத்துக்கு வருகிறவர்கள் இன்று எத்தனை பேர்? ஆளைப் பழகப் பழகப் பெயரின் தேதி அழிந்துவிடுகிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெயரைச் சொல்லிச் சிரிப்பது அதிகம் போனால் ஒரு வாரம். அப்புறம் அது அந்தப் பிள்ளையின் பெயர், அவ்வளவுதான்.

எழுத்தில் விளையாடுவது

என்னைக் கேட்டால் பணமும் நேரமும் போகிற ஒரே தவறு இதுதான். திருவாதிரைக்கு ‘ங’ என்கிறார் ஜோசியர். ஙவில் தொடங்கும் பெயரை யார் கண்டார்கள்? ஆதிரை என்று நட்சத்திரத்தின் பெயரையே வைக்கலாமே என்றேன். எழுத்து பொருந்தாதாம். நட்சத்திரத்தின் பெயர் நட்சத்திரத்துக்கே ஆகாது!

சரி, எழுத்து நம்பிக்கை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. எண்கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’, ஒரு ‘ஹெச்’ கூடுதலாகச் சேர்ப்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் மகளுக்கு இப்படி இரண்டு ‘ஏ’ போட்டார். பள்ளியில் சேர்த்தபோது ஒரு ‘ஏ’தான் எழுதப்பட்டது. ஆதாரில் இரண்டு, மதிப்பெண் பட்டியலில் ஒன்று. கடைசியில் உறுதிமொழிப் பத்திரம், அரசிதழில் விளம்பரம் என்று அலைந்து முடித்தார். அதிர்ஷ்டத்துக்காகச் சேர்த்த எழுத்து அது.

இப்போது இது இன்னும் முக்கியம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் விழுகிற எழுத்துதான் எல்லா இடத்துக்கும் போகும். ஆகவே தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி, இனிஷியல் எங்கே என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். இனிஷியலை விரித்து எழுதச் சொன்னால் அப்பா பெயரோ அம்மா பெயரோ எப்படி வரும் என்றும் எழுதிப் பாருங்கள்.

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதை மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு அவர்களே அனுப்பிவிடுவார்கள். பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை சேர்த்த பெயரை மாற்றுவதுதான் கஷ்டம். பத்தாம் நாள் சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள் என்று அரைமனதாக ஒன்றைப் பதிந்துவிட்டு அப்புறம் வருந்துகிறவர்கள் நிறைய.

முடிவு செய்யும் முன் நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். மொட்டைமாடியில் நின்றுகொண்டு, கீழே தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடுங்கள். கோபத்தில் ஒருமுறை, சாப்பிட ஒருமுறை. வாய் இடறினால் விட்டுவிடுங்கள்.

அக்கா மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. சான்றிதழில் பெயர் இடம் காலியாக இருக்கிறது, குழந்தை ‘பாப்பா’வாக இருக்கிறாள். போன வாரம் போனபோது அந்தத் தாள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. கயல், குழலி இரண்டுக்கும் வட்டம் போட்டிருந்தார்கள். கற்பகத்தின் மேல் போட்ட கோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.