மழைக்கால மும்பையில் மண்பாண்டம்: வீடியோ பார்த்துப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜூலையில் நான் வனைந்த ஒரு கஞ்சிக் கிண்ணம் நாலு நாளாகியும் காயவில்லை. வீடியோவில் ஆசிரியர் “நாளைக்கு அடியைச் செதுக்கலாம்” என்கிறார், அடுத்த காட்சியில் கிண்ணம் தயாராக இருக்கிறது. இங்கே சயானில் மழை விட்டபாடில்லை. பொறுமை போய் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் ஃபேன் பக்கத்து விளிம்பு வெளுத்து உள்ளே வளைந்திருந்தது, நடுவில் ஒரு விரல் நீள விரிசல். மறுபக்கம் இன்னும் வெண்ணெய் பதத்தில்தான் இருந்தது.

ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வனைந்த பானையைக் கம்பியால் இரண்டாக அறுத்துச் சுவர் எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது என்று காட்டுகிற மனுஷர். அவர் இல்லையென்றால் நான் சக்கரத்தில் உட்கார்ந்தே இருக்க மாட்டேன். ஆனால் கேமராவில் உருவம் தெரியும், ஈரம் தெரியாது. நாம் செய்கிற தவறுகளில் பாதி இதனால்தான் வருகின்றன.

மண் காயும்போது சுருங்கும். அதிகச் சூட்டில் சுடுகிற ‘ஸ்டோன்வேர்’ மண் பச்சையிலிருந்து சுட்டு முடிவதற்குள் சுமார் 10 முதல் 12 சதவீதம் வரை சுருங்கிவிடும். முதலில் காய்ந்த இடம் முதலில் சுருங்கி, ஈரமான பக்கத்தை இழுக்கும். அதுதான் விரிசல். அதனால் நேர்க்காற்று வேண்டாம். விளிம்பு சீக்கிரம் காயும் என்பதால் அதை மட்டும் பிளாஸ்டிக்கால் தளர்வாக மூடுங்கள். ஓரளவு கெட்டியானதும் கவிழ்த்து வையுங்கள். அடியில் மரப்பலகையோ செய்தித்தாளோ இருக்கட்டும். மும்பை மழையில் ஒரு வாரம் ஆனால் ஆகட்டும். டெல்லி மே மாதத்து வெயிலில் இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை, அங்கே மூடி வைத்துத்தான் தப்பிக்க வேண்டும்.

செதுக்கும் பதத்தை நாள் கணக்கில் பார்க்காதீர்கள். மண் புது சோப்புக் கட்டி மாதிரி இருக்க வேண்டும்: நகம் பட்டால் தடம் விழும், விரலில் ஒட்டாது, சீவினால் சுருளாக வரும். கப்புக்குக் கைப்பிடி வைப்பதும் இந்தப் பதத்தில்தான், அதுவும் கப்பும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். உண்மையில் காய்ந்த பச்சை மண்ணும் ஈரமான பச்சை மண்ணுமே சரியாக ஒட்டாது. ஒட்டும் இடத்தைக் கீறி, சேறு தடவி அழுத்துங்கள்.

சூளைக்கு அனுப்பும் முன் கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பானை வெடிப்பதற்குக் காற்றுக் குமிழியைத் திட்டுகிறார்கள், அது பாவம். 100 டிகிரியில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழி கிடைக்காமல்தான் உடைக்கிறது. குமிழி இருந்தால் வனையும்போது கை தடுமாறும், மண்ணைப் பிசைவது அதற்காகத்தான்.

சக்கரத்தில் உட்காரும் முன் இன்னொன்றைக் கவனியுங்கள்: ஆசிரியர் எந்த ஊர்க்காரர்? ஜப்பானியர் பெரும்பாலும் சக்கரத்தை வலஞ்சுழியாகச் சுற்றுவார்கள், மேல்நாட்டவர் இடஞ்சுழியாக. நான் ஜப்பானிய வீடியோவைப் பார்த்து, இடஞ்சுழியாக ஓடும் சக்கரத்தில் அதே கைகளை வைத்துக்கொண்டு, எனக்குக் கை வராது என்று ஒரு வாரம் புலம்பினேன். பல மின்சக்கரங்களில் திசை மாற்றும் ஸ்விட்ச் உண்டு, பாருங்கள்.

மண்ணை நடுவில் நிறுத்துவதற்கு மணிக்கட்டின் பலத்தை நம்பாதீர்கள். முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள், உடம்பு அசையாவிட்டால் மண் வழிக்கு வரும். பயத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சுவர் தொய்ந்து உட்காரும். உள்ளே தேங்கியதை ஸ்பாஞ்சால் அவ்வப்போது ஒற்றி எடுங்கள்.

சரி, நான் காசு கொடுத்து வாங்கிய பாடம் ஒன்று. அமெரிக்க ஆசிரியர்கள் சூளையின் சூட்டை டிகிரியில் சொல்லாமல் ‘கோன்’ என்ற அளவின் எண்ணில் சொல்வார்கள். கோன் 06 என்றால் ஏறக்குறைய 1000 டிகிரி, கோன் 6 என்றால் 1220 டிகிரிக்குப் பக்கம். காசுக்குச் சுட்டுத் தரும் ஓரிடத்தில் என் செம்மண் கிண்ணங்களைக் கொடுத்தபோது, சீட்டில் பூஜ்யத்தை விட்டுவிட்டேன். அவ்வளவு சூட்டைச் செம்மண் தாங்குமா? உப்பி, உருகி, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. தட்டுக்கும் நான்தான் பணம் கட்டினேன். இப்போதெல்லாம் டிகிரியில் எழுதி, செல்சியஸ் என்றும் சேர்க்கிறேன்.

வீட்டில் பழகுகிறவர்களுக்கு: சேற்றுத் தண்ணீரைச் சமையலறை சிங்கில் ஊற்றாதீர்கள். கீழ் வீட்டுத் திருநெல்வேலிப் பாட்டி “ஏம்மா, குழாயில சுவரு கட்டுதியா?” என்று கேட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. வாளியில் தெளியவிட்டு மேல்தண்ணீரைக் கொட்டுங்கள், அடியில் தங்கிய மண்ணை மறுபடி பிசையலாம். காய்ந்த தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம், வீடியோவே கதி என்று இருப்பதும் ஒரு தவறு. தாராவி கும்பார்வாடா எனக்கு நடக்கிற தூரம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை செய்கின்றன. இதே மும்பை மழையில்தான் அவர்களும் பானை காய வைக்கிறார்கள். ஒரு நாள் என் மண்ணில் ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு போய், ஃபோனில் வீடியோவையும் திறந்து அங்கே ஒரு குயவர் காகாவிடம் (பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நீட்டினேன். அவர் ஃபோனைப் பார்க்கவில்லை. உருண்டையை இரண்டு விரலால் அழுத்தினார், “பானி ஜ்யாதா” என்றார், தண்ணீர் அதிகமாம். பக்கத்திலிருந்த சாக்கின் மேல் அதை அப்பிவிட்டு, டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.